பதினான்கு விரல் காற்று

மீன்களை விமானத்தில் ஏற்றி அனுப்பும் அந்தக் கொட்டகையில் அவரை எல்லோரும் விரலண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்ண மீன்களைத் தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் விட்டு, மேலே சிலிண்டர் காற்றை அடைத்து, பையின் வாயைத் திருகி ரப்பர் போட்டுக் கட்டுவது அவர் வேலை. எவ்வளவு காற்று அடைக்க வேண்டும் என்பதற்கு மற்ற இடங்களில் அட்டவணை பார்ப்பார்கள். இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "எத்தனை ஆயிரம் கிலோமீட்டர்?"

ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு விரல். தண்ணீர் மட்டத்துக்கு மேலே விரலைப் படுக்கவைத்து ஒன்று, இரண்டு என்று அடுக்கிக்கொண்டே போவார். இங்கே லாரியிலும் அங்கே சுங்கத்திலும் காத்துக் கிடக்கிற நேரத்துக்காகக் கடைசியில் ஒரு விரல் கூடுதல். பதினைந்து வருடமாக அந்தக் கணக்கு அவரைக் கைவிட்டதில்லை. தண்ணீரிலேயே ஊறி ஊறி விரல்தான் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது.

நேற்று போன சரக்கு பதின்மூன்றாயிரத்து நானூறு கிலோமீட்டர். விமானம் பதினைந்தரை மணி நேரம் பறக்க வேண்டும். அவர் இதுவரை அடைத்ததிலேயே நீளமானது ஒன்பது விரல்தான். இது பதினான்கு. பை அவர் முழங்கை நீளத்துக்கு நிமிர்ந்து நின்றது. நாற்பது பெட்டி, நூற்று அறுபது பை, பைக்குப் பன்னிரண்டு மீன். உள்ளங்கைக்குள் அடங்குகிற தட்டையான நீல மீன்கள். இரவு பத்து மணிக்குக் கடைசிப் பையைக் கட்டினார்கள். மூன்று மணிக்கு விமானம் கிளம்பியது.

காலையில் பதினொரு மணிக்கு வந்தால் போதும் என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். விரலண்ணனுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பத்தரைக்கே வந்து அலுவலக அறை வாசலில் செருப்பைக் கழற்றினார்.

உள்ளே காகித வேலை பார்க்கிற கண்ணாடிக்காரர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். நீலத் திரையில் வளைந்த கோடு ஒன்று, அதன் மேல் ஈ மாதிரி ஒரு விமானம். ஈ நகர்வதாகவே தெரியவில்லை.

"என்னண்ணே, சொந்தக்காரங்க யாராச்சும் ஏறியிருக்காங்களா?"

"நூத்தறுபது பை ஏறியிருக்கு. எல்லாம் சொந்தம்தான். எவ்வளவு தூரம் போயிருக்கு?"

"சரியாப் பாதி. ஆறாயிரத்து எழுநூறு போயாச்சு, ஆறாயிரத்து எழுநூறு பாக்கி. நம்ம நேரத்துக்குச் சாயங்காலம் ஆறரைக்கு இறங்கும். நீங்க இங்க நின்னு தள்ளினா அது வேகமாப் போகாது. போய் டீ குடிங்க."

டீ குடிக்கப் போகிற வழியில் அலமாரியைப் பார்த்தார். அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சரக்கு போனாலும் அதோடு ஒரு பையைக் கூடுதலாகக் கட்டி, முன்புற அலமாரியில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நிறுத்தி வைப்பார்கள். அதே தொட்டி மீன், அதே தண்ணீர், அதே காற்று, அதே கட்டு. சாட்சிப் பை என்று பெயர். அங்கே போய்ச் சேர்ந்த மீன் செத்துவிட்டது என்று வாங்குகிறவர் சொன்னால் இந்தப் பையைப் பார்ப்பார்கள். இதில் மீன் நன்றாக இருந்தால் வழியில் யாரோ செய்த தப்பு. இதிலும் செத்துக் கிடந்தால் கட்டினவர் தப்பு. போன வருடம் இப்படித்தான், பெட்டி ஒட்டுகிறதால் பிளாஸ்டர் என்று பெயர் வாங்கிய ஒருவன் மாட்டிக்கொண்டான். வேறு தொட்டித் தண்ணீரைக் கலந்துவிட்டு வாயைத் திறக்காமல் நின்றான். மூன்றாம் நாள் பை அவனைக் காட்டிக்கொடுத்தது. அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் முதலாளியம்மா.

பையைத் தட்டாமல், பக்கத்தில் குனிந்து பார்த்தார். பன்னிரண்டு மீனும் பதறாமல் நின்றன. தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் நூல் நூலாக ஏதோ படிந்திருந்தது. பையின் மடிப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

மத்தியானம் ஒரு மணிக்கு அவர் மனைவி சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். அவளும் அங்கே வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்தான் ஆகிறது. தொட்டி தேய்க்கிற வேலை. வந்த முதல் நாளே விரலண்ணி என்று பெயர் விழுந்துவிட்டது. இருவரும் அலமாரிக்கு எதிரே காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"பாருங்களேன், எவ்வளவு சமத்தா நிக்குதுங்க" என்றாள். "பசியோட போகலன்னு நினைச்சா எனக்கே வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு."

விரலண்ணன் வாய்க்குக் கொண்டுபோன கையை இறக்கினார்.

"என்ன சொன்ன?"

"தீனி போட்டேன்ல நேத்து. ரெண்டு நாளா யாருமே போடல. நான் தொட்டி தேய்க்கிறப்ப கண்ணாடியை முட்டிக்கிட்டு என் கை பின்னாடியே வருதுங்க. யாரோ மறந்துட்டாங்க, சொன்னா திட்டு வாங்குவாங்கன்னு நானே போட்டுட்டேன்."

"எப்போ?"

"அஞ்சு மணி இருக்கும். நீங்கல்லாம் முன்னாடி அட்டைப்பெட்டி மடிச்சிட்டிருந்தீங்க."

"எந்தத் தொட்டிக்கு?"

"எல்லாத்துக்கும்தான். ஒண்ணுக்குப் போட்டு ஒண்ணுக்குப் போடாம வர முடியுமா?" அவர் முகத்தைப் பார்த்து அவள் சிரிப்பு அணைந்தது. "ஏங்க? பதினஞ்சரை மணி நேரம்னு சொன்னீங்களே. நம்ம பொண்ணு இருக்கற ஊருக்குப் போறதுங்க. அவளும் அன்னிக்கு இப்படித்தான் ஒரு வாய் சாப்பிடாம ஓடினா. கட்டி வச்ச பொட்டலம் மேசை மேலயே கிடந்துச்சு. பிளேன்ல தூங்கிப்போயி அங்கயும் சாப்பிடலன்னு போன்ல சொன்னப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

மீனை அனுப்புவதற்கு முன் இரண்டு நாள் பட்டினி போடுவது மறதி இல்லை, கஞ்சத்தனமும் இல்லை. அதுதான் தொழிலின் ஆணிவேர். தின்ற மீன் கழியும். தொட்டியில் கழிந்தால் தண்ணீர் மாறிக்கொண்டே இருக்கும். பைக்குள் கழிந்தால் கழிந்த அந்தத் தண்ணீரிலேயே அது மூச்சு விட வேண்டும். வெறும் வயிற்று மீன் முப்பது மணி நேரம் தாங்கும். தின்ற மீனுக்குப் பதினாறு, பதினேழு மணி நேரத்தில் மூச்சு முட்டும். இருபது தாண்டினால் ஒவ்வொன்றாகச் சாயும். பதினான்கு விரல் இல்லை, நாற்பது விரல் காற்று அடைத்தாலும் தண்ணீர் விஷமானபின் என்ன செய்ய முடியும்?

நேற்று ராத்திரி வலையில் எடுக்கும்போதே வயிறு உருண்டு தெரிந்தது. 'நல்லாத் தேறியிருக்குங்க' என்று அவரே வேறு பெருமையாகச் சொன்னார். அந்த வாயை இப்போது தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவள் டப்பாவை மூடிவிட்டாள்.

"என்கிட்ட யாரும் சொல்லலையே."

அது உண்மை. பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பது, எந்த வலை எந்தத் தொட்டிக்கு, ஈரத் தரையில் எப்படிக் கால் வைப்பது என்று அத்தனையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இதை மட்டும் சொல்லவில்லை. நெருப்பு சுடும் என்று ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று தோன்றாது அல்லவா, அது போல.

"எல்லாம் செத்துடுமா?"

"அங்க வாங்கறவரு எப்ப பையைப் பிரிக்கிறாருங்கறதைப் பொறுத்து. பிளேன் இறங்கறது அவங்க ஊருக் காலைல எட்டரைக்கு. ஆனா மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் வண்டி அனுப்புவேன்னு எழுதியிருக்காரு. அப்ப நமக்கு நடுராத்திரி. கட்டி இருபத்தாறு மணி நேரம் ஆயிருக்கும்."

"காலைலயே பிரிச்சா?"

"இறங்கின உடனே எடுத்து, நல்ல தண்ணி கலந்து, மருந்து ஊத்தினா நிறைய பொழைக்கும். ஆனா அதுக்கு அவர் வீட்லேர்ந்து சீக்கிரமே கிளம்பணும். ஏர்போர்ட்டுக்கு ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டணுமாம்."

"அப்ப சொல்லிடலாமே." சொன்னவள் தானே மணி பார்த்தாள். மகள் போனதிலிருந்து அந்த ஊர் நேரம் அவளுக்கு விரல்நுனியில் இருந்தது. "நம்மளவிட பத்து மணி நேரம் பின்னாடி. இப்ப அங்க விடிகாலை மூணு. தூங்கிட்டிருப்பாரு."

"ம்."

அவர் சொன்னது அவ்வளவுதான். அங்கே தூங்குகிறவரை எழுப்புவது பெரிய காரியம் இல்லை. இங்கே முதலாளியம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டுமே. பிளாஸ்டர் தன் சட்டையைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு போனதை அவர் பார்த்தவர். அவன் முதுகுகூட இன்னும் கண்ணில் நிற்கிறது. இவளுக்கும் அப்படி ஒரு முதுகு வரும். இருபது வருடம் வீட்டோடு கிடந்தவள், இந்த இருபது நாளாகத்தான் சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தொட்டிக் கதை பேசிக்கொண்டு வருகிறாள். அதோடு புது வியாபாரம் போகும். தன் விரலுக்கு இருக்கிற பேரும் போகும்.

"பையைப் பார்த்துட்டுச் சொல்லிக்கலாம்" என்றார். "ஒருவேளை தாங்கிடலாம். நீ கொஞ்சமாத்தானே போட்டிருப்ப?"

அவள் கை தாராளம் அவருக்குத் தெரியாதா?

அதற்கப்புறம் குழாயைக் கழுவப் போனவர் கழுவின குழாயையே திரும்பக் கழுவினார். கால் மணிக்கு ஒருதரம் அலமாரிப் பக்கம் வந்தார். இரண்டு மணிக்குத் தண்ணீரில் ஒரு மங்கல். கண்ணில்தான் கோளாறு என்று தலைத்துண்டால் கண்ணைத் துடைத்தார். இரண்டரைக்கு மங்கல் மஞ்சளாகத் தெரிந்தது. மூன்று மணிக்கு மேல்விளிம்பில் சின்னச் சின்ன நுரை, அது உடையாமல் நின்றது. இரண்டு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கட்டிப் பதினேழு மணி நேரம். அவர் கணக்கு அச்சுப் பிசகாமல் நடந்தது. நல்ல கணக்கு இவ்வளவு கொடூரமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

அலுவலக வாசலுக்குப் போனார்.

"எங்க இருக்கு?"

"மறுபடியுமா?" கண்ணாடிக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "மூவாயிரம் கிலோமீட்டர் பாக்கி. அண்ணே, பொண்ணு அங்க இருக்குன்னு தெரியும். மீனோட ஏதாச்சும் சீர் அனுப்பிட்டீங்களா?"

"மூணு விரல்" என்றார் அவர்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

திரும்பி வந்தபோது தூக்கிவாரிப் போட்டது. முதலாளியம்மா முன்புறக் கதவில் நின்றுகொண்டிருந்தார், அலமாரியிலிருந்து பத்தடி தள்ளி. விரலண்ணன் எப்படி நடந்தார் என்று அவருக்கே தெரியாது. பைக்கும் அந்தம்மாவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"என்னண்ணே, பை எப்படி இருக்கு?"

"இருக்கும்மா."

"இந்த ஒரு தடவை நல்லபடியாப் போய்ச் சேர்ந்துட்டா மாசம் ரெண்டு சரக்கு எடுக்கறேன்னு சொல்லியிருக்காரு. வருஷம் பூரா எல்லாருக்கும் வேலை இருக்கும். பதினாலு விரல் இல்ல? உங்களை நம்பித்தான் ஒத்துக்கிட்டேன்."

"சரிம்மா."

அந்தம்மா போன பிறகுதான் நகர்ந்தார். திரும்பிப் பார்த்தபோது மேலே வந்திருந்தவை நான்கு.

நாலு மணிக்கு அவருக்கு அந்த எண்ணம் வந்தது. எப்படி வந்தது என்று சொல்ல முடியாது. கைக்கு முதலில் வந்தது, மனதுக்கு அப்புறம்தான் வந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். பையைத் தூக்கித் துண்டால் மூடிக்கொண்டு பின்புறத்துக்குப் போனார். அங்கே சிலிண்டர் இருந்தது. வாளியில் நல்ல தண்ணீர் பிடித்தார். பழைய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் விட்டு, பதினான்கு விரல் அடைத்து, அதே திருகு திருகிக் கட்டினால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அந்தத் திருகு அவருக்கு மட்டுமே வரும். மூன்றரைத் திருகு, ஒரு மடிப்பு, இரண்டு ரப்பர். அவர் கட்டியதை வேறு யாராவது பிரித்திருந்தால் திருகே காட்டிக்கொடுத்துவிடும். அவரே பிரித்தால் காட்டிக்கொடுக்க ஆளில்லை. அங்கே எல்லாம் செத்தாலும் சாட்சிப் பையில் பன்னிரண்டும் துள்ளிக்கொண்டிருக்கும். விமானக்காரன் வெயிலில் போட்டுவிட்டான் என்று ஆகிவிடும். இவளும் பிழைத்தாள், அவரும் பிழைத்தார்.

முதல் ரப்பரைக் கழற்றிச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டார். இரண்டாவதில் நகத்தைக் கொடுத்தார்.

"அதுல தண்ணியை மாத்தினா மேல போறதுல மாறுமா?"

அவர் மனைவி கதவோரம் நின்றிருந்தாள். கையில் பிரஷ்ஷிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நீ போய் வேலையைப் பாரு."

"வேலையைத்தாங்க பார்க்கறேன். இது பன்னெண்டு. அங்க எத்தனை?"

"உன்னை அனுப்பிடுவாங்க. புரியுதா? நாளைலேர்ந்து நீ வீட்ல."

"இருபது நாளைக்கு முன்னாடி வரைக்கும் வீட்லதானே இருந்தேன்." பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் பசிக்குதேன்னு போட்டேங்க. நீங்க தெரிஞ்சே மூச்சு முட்ட விடுவீங்களா?"

அவர் நகம் இரண்டாவது ரப்பரில் இருந்தபடியே இருந்தது. பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. நாலேகால். அங்கே ஆறேகால். இப்போது கிளம்பினால் எட்டரைக்கு அந்த மனிதன் விமான நிலைய வாசலில் நிற்கலாம். இன்னும் ஒரு மணி நேரம் போனால் நிற்க முடியாது. இது அவருடைய விரலுக்குக்கூடத் தெரிகிற கணக்கு.

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்புறம் நடந்தார். துண்டால் மூடவில்லை.

முதலாளியம்மா அலுவலக அறையில் இருந்தார். கண்ணாடிக்காரரும் இருந்தார். பையை மேசை மேல் வைத்துவிட்டு விரலண்ணன் ஒரே மூச்சில் சொன்னார்:

"அம்மா, நேத்து சாயங்காலம் மீனுக்குத் தீனி போட்டாச்சு. எல்லாத் தொட்டிக்கும். நான்தான் போட்டேன்."

முதலாளியம்மா முதலில் பையைப் பார்த்தார், அப்புறம் அவரை.

"பதினஞ்சு வருஷமா மீனைப் பட்டினி போடறவர் நீங்க."

"ஏதோ ஞாபகத்துல..."

"நீங்க போட்டிருந்தா போட்ட அந்த நிமிஷமே ஓடி வந்திருப்பீங்க. உங்க தப்பை உங்களுக்கு மறைக்கத் தெரியாது. யாரோடதை மறைக்கறீங்க?"

வாசலில் நின்ற அவர் மனைவி, "நான்தாம்மா" என்றாள். "பசியோட போகுதேன்னு போட்டேன். போடக் கூடாதுன்னு தெரியாது. இவருக்கே மத்தியானம் ஒரு மணிக்குத்தான் தெரியும்."

முதலாளியம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் விரலண்ணனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். என்ன தீனி, எத்தனை பிடி, எத்தனை மணி என்று மூன்று கேள்வி கேட்டார். மேசை மேலிருந்த போனை எடுத்தார்.

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டார். விரலண்ணன் திரையைப் பார்த்தார். ஆயிரத்து எழுநூறு. இத்தனை நேரம் நகராமல் கிடந்த ஈ இப்போது பறப்பது போலத் தெரிந்தது. மூன்றாவது தடவை ஒரு தூக்கக் குரல் கேட்டது. முதலாளியம்மா அந்தக் குரலுக்கு அதன் மொழியில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார் என்பது, அந்தப் பக்கம் விழுந்த மௌனத்திலிருந்தே விரலண்ணனுக்குப் புரிந்தது. கண்ணாடிக்காரர் மருந்தின் பெயரையும் அளவையும் வேகவேகமாகத் தட்டி அனுப்பினார்.

போனை வைத்துவிட்டு முதலாளியம்மா சொன்னார்: "கிளம்பிட்டாரு. சட்டையைப் போட்டுக்கிட்டே பேசறாரு." அப்புறம் பையைத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு ரப்பர் போடறவர் நீங்க. ஒண்ணுதான் இருக்கு."

விரலண்ணன் கையை மேசை மேல் நீட்டினார். சுண்டுவிரலில் ரப்பர் அப்படியே இருந்தது. அது அங்கே இருப்பதை அவர் மறந்தே போயிருந்தார். விரல்நுனி சிவந்து கன்றியிருந்தது.

"பின்னாடி கொண்டுபோனேன். தண்ணியை மாத்திடலாம்னு."

"மாத்தினீங்களா?"

"இல்லம்மா."

"ஒரு மணிக்குத் தெரிஞ்சிருக்கு. நாலரைக்குச் சொல்றீங்க." அந்தம்மா ரப்பரை அவர் விரலிலிருந்து கழற்றி மேசையில் வைத்தார். "தீனி போட்டது அவங்க. அந்த மூணரை மணி நேரம் உங்களோடது."



யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஆறரைக்குத் திரையில் ஈ கோட்டின் முனையைத் தொட்டு நின்றது. கண்ணாடிக்காரர் கேலி எதுவும் சொல்லவில்லை, டீ வாங்கி வந்து எல்லோருக்கும் ஊற்றினார். விரலண்ணன் மனைவி மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. அலமாரிக்குத் திரும்பிய சாட்சிப் பையின் எதிரே கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்திருந்தாள். ஏழு மணிக்கு அதில் மூன்று சாய்ந்துவிட்டன. எட்டுக்கு ஐந்து.

"இங்க இருக்கற சூடு அங்க இருக்காது" என்று விரலண்ணன் அவளிடம் மெதுவாகச் சொன்னார். "பிளேனுக்கு அடியில குளுகுளுன்னு இருக்கும். இதைவிட அதுங்க ரெண்டு மூணு மணி நேரம் கூடத் தாங்கும்." சொன்னது அவளுக்காகவா தனக்காகவா என்று அவருக்குத் தெரியவில்லை.

எட்டே கால் இருக்கும். போன் அடித்தது. முதலாளியம்மா ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு காகிதத்தில் எதையோ எழுதினார். வெளியே வந்தார்.

"ஏர்போர்ட் வாசல்லயே வண்டியில தொட்டி வச்சுப் பிரிச்சிருக்காரு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுல இருநூத்திப் பத்து போயிடுச்சு. இன்னும் கொஞ்சம் போகலாம். மத்தியானம் வரைக்கும் விட்டிருந்தா பாதிகூட மிஞ்சியிருக்காதுங்கறாரு."

"அடுத்த சரக்கு?" என்றார் கண்ணாடிக்காரர்.

"எடுக்கறேன்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. யோசிச்சுச் சொல்றாராம். தூங்கறவரை எழுப்பித் தன் தப்பைச் சொன்ன முதல் ஆள் நாமதானாம். அதைப் பாராட்டாச் சொன்னாரா திட்டாச் சொன்னாரான்னு எனக்கே புரியல."

விரலண்ணன் கொக்கியில் தொங்கிய தன் சட்டையைப் பார்த்தார். முதலாளியம்மா அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டார்.

"பிளாஸ்டரை நான் அனுப்பினது மீன் செத்ததுக்காக இல்ல. பை பேசற வரைக்கும் அவன் பேசாம நின்னான். நீங்க அதுக்கு முன்னாடி பேசிட்டீங்க. லேட்டா, ஆனா பேசிட்டீங்க." அப்புறம் அவர் மனைவியிடம் திரும்பினார். "நீங்க ஒரு மாசம் வர வேண்டாம். இதைக்கூடச் செய்யலன்னா மத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? அதுக்கப்புறம் வாங்க. தொட்டிப் பக்கம் இல்ல, பெட்டி மடிக்கிற பக்கம். தொட்டி ரூம்ல தீனி டப்பாவுக்கு ஒரு பூட்டு போடறேன். அது முன்னாடியே போட்டிருக்க வேண்டியது. அது என் தப்பு."

அவள் தலையாட்டினாள். அழுவாள் என்று விரலண்ணன் நினைத்தார். அவள் அழவில்லை. பிரஷ்ஷைக் கொண்டுபோய் அதன் இடத்தில் மாட்டிவிட்டு வந்து, போகிறவள் போகாமல் நின்றாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"பொழைச்சதுங்களுக்கு எப்ப தீனி போடுவாங்க?"

கண்ணாடிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளியம்மா ஒரு நொடி அவளையே பார்த்தார். பிறகு காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்: "இன்னிக்கு வேண்டாம்னு சொல்லியிருக்கேன். தண்ணி பழகணும். நாளைக்குக் காலைல, அவங்க நேரத்துக்கு ஒன்பது மணிக்குப் போடுவாராம்."

இருவரும் வெளியே வந்தார்கள். தெருவிளக்குகள் எரிந்தன. பேருந்து நிறுத்தம் வரை அவள் பேசவே இல்லை. தொட்டிக் கதை இல்லாத அந்த வழி அவருக்கு நீளமாக இருந்தது.

நிறுத்தத்தில் நின்றதும் அவள் கேட்டாள்: "அங்க நாளைக் காலை ஒன்பதுன்னா நமக்கு எப்பங்க?"

அவளுக்குத் தெரியாத கணக்கில்லை. இருந்தாலும் விரலண்ணன் கன்றிப்போன சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக மடக்கினார். இரண்டு கையும் மடங்கி முடிந்தது.

"நாளைக்குச் சாயங்காலம் ஏழு."

"இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் இருக்கு" என்றாள் அவள். அதுவரைக்கும் தனக்கும் சாப்பாடு இறங்கப் போவதில்லை என்று அவள் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது.